மாமின்னு கூப்பிடாதே

சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு டிவியில் நாலு பேர் சண்டை போடுவார்கள். ஒருவர் கோட்டு போட்டிருப்பார், ஒருவர் கட்சித் துண்டு போட்டிருப்பார், நடுவில் உட்கார்ந்திருப்பவர் யாரையும் முழுசாகப் பேச விடமாட்டார். கொஞ்ச நாளாக ஒரே பேச்சுதான்: சட்டவிரோதக் குடியேறிகள். கண்டுபிடிக்க வேண்டும், கணக்கெடுக்க வேண்டும், திருப்பி அனுப்ப வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அணைக்கலாம் என்றால் கை வராது. யாரைப் பற்றி அவர்கள் பேசுகிறார்களோ அவள் என் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருப்பாள். அவள் என் மருமகள்.

அவள் பிறந்தது திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில். நான் அதே ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். அப்படியானால் நீங்கள்தான் அவளை முதன்முதலில் கையில் வாங்கினீர்களா என்று கேட்காதவர்கள் இல்லை. யாருக்கப்பா தெரியும்! ஒன்றைத் துடைத்துச் சுற்றி வைப்பதற்குள் அடுத்தது தலையைக் காட்டும். முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளவா எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்? சினிமாக் கதை வேண்டுமென்றால் வேறு வீடு பாருங்கள். என் மகனும் அதே வார்டில்தான் பிறந்தான். அவன் இந்தியன். அவள் சட்டத்தின் கண்ணுக்குச் சட்டவிரோதக் குடியேறி. இங்கே பிறந்தால் மட்டும் போதாதாம், அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டுமாம். அவளுடைய அப்பா அம்மா சண்டைக்குப் பயந்து இலங்கையிலிருந்து படகில் வந்து, மரக்காணம் பக்கம் கடற்கரைச் சாலையோரத்து அகதி முகாமில் தங்கினவர்கள். அப்பா பெயின்ட் அடிக்கும் வேலை செய்து அங்கேயே கண்ணை மூடினார். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். பெண் இலங்கையைப் பார்த்தது டிவியில் மட்டும்தான்.

என் மகன் ஏ.சி. மெக்கானிக். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு ஏ.சி. பார்க்கப் போனவன், பில் போடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தான். அதற்கப்புறம் அந்தக் கடை ஏ.சி. மட்டும் வாரத்துக்கு வாரம் ரிப்பேர் ஆனது. எங்களைப் போலக் கத்தோலிக்கக் குடும்பம், பெண்ணும் தங்கமான பெண், எனக்கு மறுப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. கோவிலில் வழக்கம்போல மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று அறிவித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. தடை எங்கே இருந்தது என்று எங்களுக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

கல்யாணமான கையோடு மகன் துபாய் போனான். போன இடத்தில் நல்ல பேர். மனைவியை அழைத்துக்கொள், குடும்ப விசா தருகிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு இவளுக்கு ஒரு பாஸ்போர்ட் வேண்டும். இவ்வளவுதான் விஷயம். புருஷன் அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட, பெண்டாட்டி இங்கே மாமியாரோடு உட்கார்ந்து டிவி பார்க்க, நடுவில் அந்த நீல அட்டைப் புத்தகம் ஒன்று குறுக்கே நின்றது.

பாஸ்போர்ட் ஏஜென்ட் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். பிறப்புச் சான்றிதழில் முகாம் என்ற வார்த்தையே இல்லை, முகாம் இருக்கிற ஊரின் பெயர்தான் இருந்தது. "பொறந்தது இங்கதானே? அப்ப பிறப்பால் இந்தியர்னு போட்டுட்றேன். இதுல பொய் இன்னா கீது?" என்றார். எனக்கும் பொய்யாகத் தெரியவில்லை. என் கண்ணெதிரே இருக்கிற ஆஸ்பத்திரியில் பிறந்தவளை வேறு என்னவென்று போடுவது? ஆனால் ஒரு எச்சரிக்கை சொன்னார். விசாரிக்க வருகிற போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து பேச்சுக் கொடுப்பார், பேச்சிலேயே ஆள் எந்த ஊர் என்று மோப்பம் பிடித்துவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் பாடம். அவளிடம் இரண்டு தமிழ் இருந்தது. பள்ளிக்கூடத்தில், கடையில் பேசுகிற தமிழ் ஒன்று. அதில் அவள் என்னைவிடக் கெட்டி, "வந்துக்கினே கீறேன்" என்றால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டே பேசுகிற மாதிரி இருக்கும். இன்னொன்று அம்மாவிடம் பேசுகிற முகாம் தமிழ். ஆமாம் என்பதற்கு ஓம், மல்லாட்டைக்குக் கச்சான், மாமியாருக்கு மாமி. அவளுக்குக் கோபமோ பயமோ பாசமோ வந்தால் இரண்டாவது தமிழ் வந்துவிடும். மாமி என்று அவள் வாசலில் நின்று கூப்பிட்டபோதெல்லாம் தெருவில் ஒரே சிரிப்பு. எங்கள் பக்கத்தில் மாமி என்றால் ஐயர் வீட்டு அம்மா. "இன்னா சிஸ்டர், எப்ப மடிசாரு கட்டப் போறீங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் கேலி செய்தார். நான் மருமகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"வெளியில மாமின்னு கூப்பிடாதே. அத்தைன்னு கூப்புடு. ஓமு கீமு எல்லாம் அடுப்பங்கரையோட நிக்கணும்."

"ஓம் மாமி" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

அதிலிருந்து வாசலில் அத்தை, வீட்டுக்குள் மாமி. நாள் முழுக்க அவளோடு பேச என்னை விட்டால் ஆள் இல்லை, எனக்கும் அவளை விட்டால் ஆள் இல்லை. அவள் என்னைக் கேட்டுக் கேட்டு எங்கள் பேச்சைச் சுத்தமாக்கிக்கொண்டாள். என் வாய்க்கு என்ன ஆனது என்று யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிவியில் இந்தச் சண்டை நடக்கும்போது அவரும் எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வார். "ஒருத்தன உடக்கூடாதுங்க சிஸ்டர். அத்தினி பேரையும் கப்பல்ல ஏத்தி அனுப்பணும்" என்பார். அவருடைய மகன் வளைகுடாவில் கம்பெனியை விட்டு ஓடி, விசா இல்லாமல் கிடைத்த இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். அதற்கு அங்கே கல்லிவல்லி என்று ஒரு பெயரே இருக்கிறது. "உங்க புள்ளய எந்தக் கப்பல்ல ஏத்தறது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அது வேறங்க. அவன் பொழைக்கப் போனவன்" என்றார். அப்புறம் மருமகளைப் பார்த்து, "நம்ம பொண்ணையும் சொல்லலீங்க. அது நம்மாளு" என்றார். மனுஷன் நல்லவர்தான், அதுதான் எனக்கு அலுப்பாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் ஆர்ப்பாட்டம் என்று செய்தி வந்தது. முகாம்காரர்களுக்குக் குடியுரிமை கொடு என்று. சம்பந்தி, அதாவது மருமகளின் அம்மா, முகாம் பெண்களோடு போகப்போவதாக ஃபோனில் சொன்னார். பாஸ்போர்ட் விசாரணை இன்னும் வரவில்லை. முகாம்காரர்களோடு சேர்த்து இவள் பெயர் எங்கேயாவது எழுதப்பட்டால் எல்லாம் பாழ், அந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று ஏஜென்ட் படித்துப் படித்துச் சொன்னார். இவள் கேட்கவில்லை.

"எனக்காகத்தான் அத்தன பேரும் வெயில்ல கத்தப் போறாங்க. நான் ஊட்ல உக்காந்துக்கினு அத டிவில பாக்கறதா?" என்றாள்.

ஓரமாக நின்று அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. சுகர் மாத்திரை, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அவள் பையில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன்.

பஸ்ஸில் வடக்கத்திப் பையன்கள் கொஞ்சம் பேர் ஏறினார்கள், ஏதோ கட்டட வேலைக்குப் போகிறவர்கள். எங்களுக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர் திரும்பி, "பாருங்கம்மா, எங்க பாத்தாலும் வந்தேறிங்க. நம்ம புள்ளைங்களுக்கு நிக்க எடமில்ல" என்று என் மருமகளிடம் நியாயம் கேட்டார். "ஆமாங்க பெரியப்பா" என்றாள் அவள். சுத்தமான திண்டிவனம் பேச்சு. நான் கற்றுக்கொடுத்த பாடம் அவ்வளவு நன்றாகப் பலித்திருந்தது. விக்கிரவாண்டி தாண்டுகிறவரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விழுப்புரத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. மைக்கில் ஒருவர் "தொப்புள்கொடி உறவுகளே!" என்று ஆரம்பித்து, மூச்சுக்கு மூச்சு அதையே சொன்னார். அவர் பேச ஆரம்பித்ததிலிருந்தே எனக்கு எரிச்சல். தொப்புள்கொடியைப் பற்றி எனக்குத் தெரியாதா? இரண்டு இடத்தில் கட்டுவோம், நடுவில் வெட்டுவோம், மிச்சத்தை வாளியில் போடுவோம். வேலை நடக்க வேண்டுமென்றால் வேறு ஏதாவது உறவு சொல்லுங்கப்பா என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் சம்பந்தி கையை உயர்த்திக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது, இருந்தாலும் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் இருந்த கட்சிக்காரர்கள் போய் ரோட்டில் உட்கார்ந்தார்கள். மறியல் என்று ஆனதும் போலீஸ் வேன் வந்தது. ஓரமாக நின்றவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை, மொத்தமாக ஏற்றிக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். இதெல்லாம் நம் ஊரில் சகஜம். மத்தியானம் தக்காளிச் சாதம் தருவார்கள், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். எனக்கும் அவ்வளவு பயமில்லை, மாடிக் கூடத்தில் பெண்களைப் பிரிக்க ஆரம்பிக்கும்வரை.

முகாமிலிருந்து அனுமதி வாங்காமல் வந்தவர்களைப் பற்றித் தனியாக மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டுமாம். "முகாம் ஆளுங்க மேடப் பக்கம், லோக்கல் ஆளுங்க வாசப் பக்கம். ஜல்தியா உக்காருங்க, பேஜாரு பண்ணாதீங்க" என்று ஒரு பெண் போலீஸ் கத்தினாள். பாவம், அவளும் காலையிலிருந்து நிற்கிறாள். ஒவ்வொருவராக நிறுத்தி இரண்டு வார்த்தை கேட்டுப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். மருமகள் முறை வந்தது.

"உனக்கு எந்த ஊரு?"

"திண்டிவனம்ங்கக்கா. காலைல பஸ் புடிச்சி வந்தேன்."

"பேசறதப் பாத்தாலே தெரியுது. போ, அந்தப் பக்கம்."

மாதாவே என்று மூச்சு விட்டேன். அவள் வாசல் பக்கம் போய் உட்கார்ந்தாள். அடுத்தது நான். எனக்குப் பின்னால் சம்பந்தியும் இன்னும் சில முகாம் பெண்களும் நின்றார்கள். பெண் போலீஸ் அவர்களைக் காட்டி, "இவங்கல்லாம் உங்க கூட வந்தவங்களா?" என்று கேட்டாள். எனக்கு அசதி, தாகம், கண் வேறு மருமகள் மேல் இருந்தது.

"ஓம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அப்ப மேடப் பக்கம் போங்க பெரியம்மா" என்றாள்.

திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நான் முகாம் இல்லை என்றால் யாரோடு வந்தாய் என்று கேட்பாள். மருமகளோடு என்றால், எந்த மருமகள், அவள் அம்மா எங்கே என்று ஒவ்வொன்றாக வரும். நல்லபடியாக அந்தப் பக்கம் போய்விட்டவளை நான் ஏன் இழுத்துவிட வேண்டும்? பேசாமல் போய் மேடையோரம் உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்த சம்பந்தி அதிர்ந்துபோய், "அக்கா, நீங்கள் ஏன் இங்கால வந்தனீங்கள்?" என்றார்.

"ஓம்னு சொல்லித் தொலச்சிட்டேங்க."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "அப்ப இனி நீங்களும் அகதிதான்" என்றார். புருஷன் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து மருமகள் எங்களைப் பார்த்து, என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். ஒன்றுமில்லை, அங்கேயே இரு என்று கையைக் காட்டினேன். சாயங்காலம் வரை இப்படியே ஓட்டிவிட்டால் போதும் என்று ஜெபம் சொல்லிக்கொண்டேன்.

சாப்பாடு வரத் தாமதமானது. என் மாத்திரையும் பிஸ்கட்டும் அவள் பையில் இருக்கிறது என்பது கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நர்ஸாக இருந்து என்ன பிரயோசனம்! சர்க்கரை இறங்குகிறது என்று தெரிகிறது, எழுந்து போய்க் கேட்டால் அவள் யார் என்று தெரிந்துவிடும் என்றும் தெரிகிறது. கொஞ்சம் தாங்கலாம், சாப்பாடு வந்துவிடும் என்று சுவரில் சாய்ந்தேன். நெற்றியில் வியர்வை கொட்டியது. சம்பந்தியின் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"மாமி!"

மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஒரு கத்தல். அப்புறம் அது நிற்கவில்லை. "மாமி! ஐயோ, என்ட மாமிக்கு என்ன! விடுங்கோ, அவவுக்குச் சுகர், மருந்து என்னட்ட இருக்கு, விடுங்கோ!" குறுக்கே நின்ற போலீஸ் கையைத் தட்டிவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தாள். அவளுடைய திண்டிவனம் பேச்செல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பிஸ்கட்டை நொறுக்கி என் வாயில் திணித்தாள், தண்ணீர் கொடுத்தாள். அவளுடைய அம்மா, "பிள்ளை, நீ ஏன் வந்தனி, போ அங்கால" என்று தள்ளப் பார்த்தார். அது எல்லார் காதிலும் விழுந்தது.

எனக்குக் கண் தெளிந்தபோது பெண் போலீஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கோபமாக இல்லை. களைத்துப்போயிருந்தாள்.

"ஏம்மா, நீ லோக்கல்னு சொன்ன?"

"நீங்கதான் சொன்னீங்கக்கா. நான் திண்டிவனம்னுதான் சொன்னேன்" என்றாள் மருமகள். மறுபடி எங்கள் பேச்சுக்கு வந்துவிட்டிருந்தாள். ஆனால் இனி அதனால் என்ன?

அந்தப் பெண் நல்ல மாதிரிதான். எனக்குச் சோடா வாங்கிவரச் சொன்னாள். நான் யார் என்று விசாரித்து, என்னை எழுப்பி வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். மருமகள் பெயரை மேடைப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அவள் வேலை அது. சாயங்காலம் எங்களை வெளியே விட்டார்கள். முகாம்காரர்களை முகாமிலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்று உத்தரவாம், தனி பஸ் நின்றது. இவள் கல்யாணமாகித் திண்டிவனத்தில் என் வீட்டில் இருப்பவள், முகாமில் அவளுக்கு என்ன வேலை என்று கத்தினேன். காலையில் அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்துவிடட்டும் என்றார்கள். சரி, நானும் கூடப் போகிறேன் என்று படியில் காலை வைத்தேன். "நீங்க ஏறக்கூடாதும்மா, இது முகாம் ஆளுங்களுக்கு" என்று இறக்கிவிட்டார்கள். நான் தனியாகத் திண்டிவனம் பஸ் பிடித்தேன். பிஸ்கட் பையை அவள் ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் வந்துவிட்டாள். பாஸ்போர்ட் வரவில்லை. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் உட்காரக்கூட இல்லை, மண்டபத்தில் எழுதினதெல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. மல்லாட்டையா கச்சானா என்று அவர் கேட்கவே இல்லை. ஏஜென்ட் அதற்கப்புறம் ஃபோனை எடுப்பதில்லை. மகன் கூப்பிட்டு, "எதுக்கும்மா அவள அங்க கூட்டிக்கினு போன?" என்று என்னிடம் பாய்ந்தான். அப்புறம் அழுதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டான். இவள் ஃபோனை வாங்கி, "வந்து இன்னா பண்ணுவீங்க? இங்க எந்த வேல காத்துக்கினு கீது? இருங்க, பாத்துக்கலாம்" என்றாள். அவன் இன்னொரு ஒப்பந்தம் போட்டுவிட்டான். வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிறான். போகிற அன்று மட்டும் அவள் வாசலுக்கு வருவதில்லை.

டிவியில் நாலு பேரும் இன்னும் ஓயவில்லை. எதிர்வீட்டுக்காரர் இப்போது வந்தால் வேறு சேனல் போடச் சொல்கிறார். நேற்று அவர் வரவில்லை, நாங்கள் இருவர் மட்டும். "அத்தை, ரிமோட்ட குடுங்க" என்றாள். அப்போதுதான் உறைத்தது, இவள் வீட்டுக்குள்ளேயும் என்னை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. வீடு முழுக்கத் தேடினாலும் அந்த இன்னொரு தமிழ் இல்லை. அம்மாவிடம் ஃபோனில் பேசும்போதுகூடக் குரலைத் தணித்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள்.

"ஏண்டி, இனிமே எவனுக்குப் பயந்துக்கினு இருக்கணும்? பழையபடி மாமின்னே கூப்புடேன். எனக்கு அதான் புடிச்சிருக்கு" என்றேன்.

அவள் மல்லாட்டைத் தோலை ஊதித் தள்ளினாள். முறத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம் அத்தை. அந்த வார்த்ததானே என்னக் காட்டிக் குடுத்துச்சு."